எட்டாயிரம் கன்றும் ஒரு நூற்பாலையின் மின் கணக்கும்: மேய்ச்சல் நிலத்தில் நடந்த மரநடவு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரைக்குத் தென்மேற்கே செவல் நிலமும் சுக்கான் எனும் சுண்ணாம்புப் பாறையுமாகக் கிடக்கும் ஓர் ஊராட்சி. வைகைத் தண்ணீரும் பெரியாறு கால்வாயும் எட்டாத வானம் பார்த்த பூமி. ஊருக்கு ஒரே ஒரு மானாவாரிக் கண்மாய். கண்மாய்க்கு மேற்கே 12 ஹெக்டேர் புறம்போக்கு. ஏழு கிலோமீட்டர் தள்ளி, நெடுஞ்சாலையை ஒட்டி, ஒரு நூற்பாலை. இங்கே மூன்றாண்டுகளில் நடந்ததைத்தான் இந்த ஆய்வு பதிவு செய்கிறது. ஊர், ஆலை, தொண்டு அமைப்பு ஆகியவற்றின் பெயர்கள் விடப்பட்டுள்ளன. எண்கள் எடைமேடைச் சீட்டு, டீசல் ரசீது, ஆலையின் மின் கட்டணப் பட்டியல், களத்தில் எண்ணி எழுதிய நோட்டு ஆகியவற்றிலிருந்து எடுக்கப்பட்டவை.

ஆலை ஆண்டுக்கு ஏறத்தாழ 30 லட்சம் யூனிட் மின்சாரம் வாங்குகிறது. மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அதாவது ஆலையின் மின் பயன்பாட்டால் மட்டும் ஆண்டுக்கு 2,100 டன்.

நூலை வாங்கும் வெளிநாட்டு ஆடை நிறுவனம் கார்பன் கணக்குக் கேட்கத் தொடங்கியபோது, நிர்வாகத்துக்குக் கைக்கு எட்டிய வழியாகத் தெரிந்தது மரநடவு. நிறுவனங்கள் சட்டப்படி செலவழித்தாக வேண்டிய சமூகப் பொறுப்பு நிதி இருந்தது. ஊராட்சியிடம் நிலம் இருந்தது. 2022 செப்டம்பர் 24-ல் தொடங்கப்பட்ட பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் காடு மற்றும் மரப்பரப்பைப் பத்தாண்டுகளில் 33 விழுக்காட்டுக்குக் கொண்டுவர இலக்கு வைத்திருக்கிறது. அதனால் ஊராட்சிக்கும் நட்ட கன்றுகளுக்கு ஓர் எண் காட்ட வேண்டியிருந்தது. நட்டுக் கொடுக்க ஒரு தொண்டு அமைப்பு முன்வந்தது.

திட்ட அறிக்கையின் அடித்தளம் ஒரே ஒரு வரி: ஒரு மரம் ஆண்டுக்கு 22 கிலோ கரியமில வாயுவை உறிஞ்சும், எனவே 8,000 மரம் ஆண்டுக்கு 176 டன். இந்த 22 கிலோ பல இடங்களில் சுற்றி வரும் எண். முதிர்ந்த மரத்துக்குச் சொல்லப்பட்டதை விரல் தடிமன் கன்றுக்கு முதல் நாளிலிருந்தே போட்டுவிட்டார்கள். அதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் 176 டன் என்பது 2,100 டன்னில் 8 விழுக்காடுதான். அந்த வகுத்தலை யாரும் செய்து பார்க்கவில்லை. நடவு முடிந்த வாரமே ஆலை வாசலில் "கார்பன் சமன் ஆலை" என்று, வெளியிடும் வாயு முழுவதையும் ஈடுகட்டிவிட்டதாகச் சொல்லும் பலகை வைக்கப்பட்டது.

நடவுக்கு முன் நிலம் எப்படி இருந்தது

திட்ட அறிக்கை அந்த 12 ஹெக்டேரைத் "தரிசு" என்றது. வருவாய்ப் பதிவேட்டில் இருப்பது "மேய்க்கால் புறம்போக்கு", அதாவது ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம். இந்த இரண்டு சொல்லுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் பின்னால் வந்த சிக்கல்களில் பாதி அடங்கியிருக்கிறது.

கண்மாய்க் கரையை ஒட்டிய 2 ஹெக்டேர் வண்டல் கலந்த தாழ்வான நிலம். மீதி 10 ஹெக்டேர் மேட்டுக்காடு. அங்கே உசிலை, வெள்வேல், சூரை, ஆவாரம், கிளுவை ஆகியவை முழங்கால் உயரத்திலிருந்து ஆள் உயரம் வரை நின்றன. இடையிடையே சீமைக்கருவேலம். பார்வைக்குப் புதர்தான். ஆனால் ஆடு கடித்துக் கடித்துக் குட்டையாக நிற்கும் உசிலைக்கு மண்ணுக்குக் கீழே பல ஆண்டு வயதுள்ள தூரும் வேரும் இருக்கும். அதன் தழை ஆட்டுக்குத் தீனி, காய்ந்த இலை அரப்பு, கிளை அடுப்புக்கு. ஊரின் 400 ஆடுகளுக்கு ஆடி முதல் தை வரை இதுவே மேய்ச்சல். அறுவடை முடிந்தபின் புளிகுளம் மாட்டுக்கிடைகள் இதன் வழியாகத்தான் கடந்து போகும்.

மேட்டிலிருந்து இரண்டு சிறு ஓடைகள் இந்த நிலத்தைக் குறுக்கே கடந்து கண்மாயில் விழுகின்றன. கண்மாய்க்கு வரத்து அவைதான்.

நடவு

முதலில் நிலத்தைச் "சுத்தம்" செய்தார்கள். ஜேசிபி வைத்துப் புதரைத் தூரோடு வழித்து, கிடைத்த விறகைச் செங்கல் சூளைக்கு விற்றார்கள். எடைமேடைச் சீட்டுகளைக் கூட்டினால் 38 டன் பச்சை விறகு. சீமைக்கருவேலத்தை அகற்றுவதாகச் சொல்லித் தொடங்கிய வேலை, உசிலையையும் வெள்வேலையும் சேர்த்தே வாரிப்போட்டது. வரிசைகளுக்கு நடுவே இயந்திரம் நுழையாத பட்டைகளில் மட்டும் தூர்கள் மிஞ்சின.

இடைவெளி 5 மீட்டருக்கு 3 மீட்டர். ஹெக்டேருக்கு 667 குழி, 12 ஹெக்டேருக்கு 8,000. குழி மூன்று பக்கமும் 60 செ.மீ. இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம். மேட்டுக்காட்டில் 35 முதல் 45 செ.மீ. ஆழத்திலேயே சுக்கான் தட்டுப்பட்டது. இயந்திர ஓட்டுநர் அதோடு நிறுத்திக்கொண்டார். ஒரு மணி நேரத்துக்கு 40 குழி என்ற வேகத்தில் சுக்கானைக் கடப்பாரையால் உடைத்துக்கொண்டிருக்க முடியாது. குழிக்கு இவ்வளவு என்று பேசிய கூலியும் ஆழத்தைக் கேட்கவில்லை.

கன்று வகைகள்: புங்கன், வேம்பு, நாவல், நீர்மருது, பூவரசு, மகோகனி. இதில் நீர்மருது ஆற்றங்கரை மரம். நாவலுக்கும் ஈரம் வேண்டும். இரண்டையும் கண்மாய்க் கரையில் வைத்திருக்கலாம். ஆனால் வண்டியில் இறங்கிய வரிசைப்படி மேட்டிலும் சேர்த்து வைத்தார்கள். நிழற்படத்தில் தெரிய வேண்டும் என்பதற்காக ஐந்தடி உயரக் கன்றாகக் கேட்டு வாங்கியது அடுத்த தவறு. சிறிய நெகிழிப் பையில் இரண்டு ஆண்டு நின்ற கன்றுக்கு மேலே ஐந்தடித் தண்டும், கீழே கைப்பிடி வேரும்தான் இருக்கும். சிறு வேர் இழுக்கும் தண்ணீர் அத்தனை இலைக்கும் போதாது. காற்றிலும் சாயும்.

நட்ட நாள் ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். கேரளத்தில் அந்த வாரம் மழை இறங்கியிருக்கும். மதுரைக்கு அது மழைக்காலம் அல்ல. ஆண்டுச் சராசரியான ஏறத்தாழ 850 மி.மீ. மழையில் பாதிக்கு அருகில் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில்தான் விழுகிறது. ஜூனில் நட்டால் அடுத்த நான்கு மாதம் வெயிலும், மேற்கிலிருந்து மலைக் கணவாய் வழியாக இறங்கும் ஆடிக் காற்றும்தான் கன்றுக்குக் கிடைக்கும்.

எனவே லாரித் தண்ணீர். கன்றுக்கு 10 லிட்டர் வீதம் ஒரு சுற்றுக்கு 80,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 7 நடை. போக வர 14 கிலோமீட்டர். ஐந்து நாளைக்கு ஒரு சுற்று என்று திட்டமிட்டால் ஜூன் முதல் செப்டம்பர் வரை 24 சுற்று வந்திருக்கும். பணம் 17 சுற்றுக்குத்தான் வந்தது. லாரிக்குச் சுமார் 415 லிட்டர் டீசல், 200 மணி நேரம் ஓடிய இயந்திரத்துக்கு 1,100 லிட்டர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ கரியமில வாயு. ஆக நடவுக்கே 4 டன் செலவாகிவிட்டது.

ஆடு புகாமல் இருக்க எல்லையைச் சுற்றி 1.2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழத்தில் அகழி வெட்டி, தோண்டிய மண்ணை உள்பக்கம் கரையாகப் போட்டார்கள். அந்தக் கரை இரண்டு ஓடைகளின் வாயையும் அடைத்தது.

முதல் மழைக்காலமும் முதல் கோடையும்

மழை நன்றாகவே பெய்தது. பக்கத்து ஊர்க் கண்மாய்கள் நிரம்பி மறுகால் போயின. இந்தக் கண்மாயில் தண்ணீர் மடையைக்கூடத் தொடவில்லை. ஓடைத் தண்ணீர் அகழியில் நிரம்பித் தேங்கி, தெற்கு மூலையில் உடைத்துக்கொண்டு பட்டா நிலத்துக்குள் போனது. நெல் நடக் காத்திருந்த ஆயக்கட்டுக்காரர்கள் மார்கழியில் ஊராட்சி அலுவலகத்தில் கூடினார்கள். நடவின் பேரில் ஊருக்குள் எழுந்த முதல் புகார் ஆடு மேய்ப்பவர்களிடமிருந்து வந்ததாகப் பின்னால் எழுதப்பட்டது. பதிவேட்டில் முதலில் இருப்பது கண்மாய்ப் புகார்தான்.

டிசம்பரில் தொண்டு அமைப்பு எண்ணியபோது 5,900 கன்று உயிரோடு இருந்தன. மழை ஈரத்தில் அது எதிர்பார்க்கக் கூடியதே. வழித்துப் போட்ட வெற்று மண்ணில் அதே ஈரம் இன்னொன்றையும் எழுப்பியது. கோடையில் சீமைக்கருவேல நெற்றைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தில் வந்த விதை முளைத்து, சதுர மீட்டருக்கு மூன்று நான்கு சீமைக்கருவேல நாற்று நின்றது. பழைய புதரின் நிழல் இருந்தவரை அதற்கு அவ்வளவு இடம் கிடைத்திருக்காது.

ஓராண்டு முடிவில் "75 விழுக்காடு பிழைத்தது" என்று அறிக்கை வந்தது. ஆடை நிறுவனத்தின் தணிக்கையாளர் ஆதாரம் கேட்டார். ஆலை நிர்வாகம் மறு ஆய்வுக்கு ஒப்புக்கொண்டது.

மறு ஆய்வில் தெரிந்தவை

ஜூலையில் எல்லா வரிசையும் நடந்து எண்ணப்பட்டது. இலை இல்லாத கன்றைச் செத்ததாக எழுதவில்லை. தண்டின் அடியில் நகத்தால் கீறி, பட்டைக்குக் கீழ் பச்சை தெரிந்தால் உயிர் உள்ளது என்றே கணக்கு. அப்படியும் 8,000-ல் 2,350 மட்டுமே இருந்தன. கண்மாய்க் கரைப் பகுதியில் 1,300-க்கு 950. மேட்டுக்காட்டில் 6,700-க்கு 1,400.

75 விழுக்காடு என்ற எண் பொய்யாக எழுதப்பட்டதில்லை. தண்ணீர் லாரி போகும் கரைப்பாதை ஓரமாக நான்கு வரிசையை எண்ணி, அதை 12 ஹெக்டேருக்கும் பெருக்கிவிட்டார்கள். கரைப் பகுதியில் உண்மையிலேயே 73 விழுக்காடு பிழைத்திருந்தது.

செத்த கன்றுகளில் 200-ஐப் பிடுங்கிப் பார்த்தார்கள். ஊரில் எல்லோரும் ஆட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆடு கடித்தோ ஒடிந்தோ செத்தவை 23 மட்டுமே. கரையான் அரித்தவை 32. சுக்கானுக்கு மேல் ஈரம் வற்றிக் காய்ந்தவை 61. மீதி 84 கன்றின் வேரில் பை அச்சு அப்படியே இருந்தது. மேட்டில் ஏழாவது வரிசையில் பிடுங்கிய ஒரு புங்கனைக் குறிப்பிட வேண்டும். கையால் இழுத்ததும் செருகி வைத்த குச்சிபோல எதிர்ப்பே இல்லாமல் வந்தது. பையின் அடியை மட்டும் கிழித்துவிட்டு, கறுப்பு நெகிழியோடு நட்டிருந்தார்கள். உள்ளே ஆணிவேர் அடியில் மோதித் திரும்பி, பையின் சுவரை ஒட்டி மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. வெளி மண்ணுக்குள் போன வேர் ஒன்றுகூட இல்லை. 13 மாதமும் அந்தக் கன்று நாற்றங்காலில் இருந்த அதே உருண்டை மண்ணில்தான் வாழ்ந்து செத்திருக்கிறது.

இரட்டைக் கணக்கு ஒன்றும் வெளிப்பட்டது. ஆலைக்குப் போகும் சாலையை அகலப்படுத்த 11 புளியமரங்கள் வெட்டப்பட்டிருந்தன. ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று என்ற நிபந்தனைப்படி நட வேண்டிய 110 கன்றும் இந்த 8,000-க்குள்ளேயே காட்டப்பட்டிருந்தன. ஆக அதே கன்று சாலை வேலையின் ஈடாகவும், ஆலையின் சமூகப் பொறுப்பு அறிக்கையிலும், ஊராட்சியின் பசுமை எண்ணிக்கையிலும் மூன்று முறை நடப்பட்டிருந்தது.

கரியமிலக் கணக்கு

உலர்ந்த மரத்தின் எடையில் 47 விழுக்காடு கார்பன் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அதை 3.67-ஆல் பெருக்கினால் கரியமில வாயு. சுருக்கமாக, 100 கிலோ உலர் மரம் 172 கிலோ வாயுவைப் பிடித்து வைத்திருக்கிறது. இந்தக் கணக்கை நடவின் இரு பக்கமும் போட வேண்டும். செலவுப் பக்கத்தைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

விற்ற 38 டன் பச்சை விறகில் ஈரம் 40 விழுக்காடு என்று வைத்தால் உலர் எடை 23 டன். சூளையில் எரிந்து வெளியானது சுமார் 40 டன் வாயு. வழித்துப் போட்டதில் மண்ணோடு மக்கிப்போன வேரும், கிளறிய மண்ணிலிருந்து போனதும் இதில் சேரவில்லை. சூளைக்காரர் எப்படியும் வேறு விறகை எரித்திருப்பார் என்று வாதிடலாம். ஆனால் இந்த நிலத்திலிருந்து போனது போனதுதான். டீசலுக்கு 4 டன். நடவு தொடங்கும்போதே இந்த நிலம் 44 டன் கடனில் இருந்தது.

அடுத்து, எல்லாம் நன்றாக நடந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று பார்க்கப்பட்டது. 8,000 கன்றும் பிழைத்து, 20 ஆண்டில் சராசரி 120 கிலோ உலர் எடை எட்டுகிறது என்று வைப்போம். சுக்கான் நிலத்துக்கு இது தாராளமான எண். மொத்தம் 960 டன் உலர் மரம், சுமார் 1,650 டன் வாயு. இருபது ஆண்டு, ஒரு கன்றுகூடச் சாகாமல் வளர்ந்த முப்பது ஏக்கர் தோப்பு, ஆலையின் ஓராண்டு மின்சாரத்துக்கு ஈடாகவில்லை. அந்த இருபது ஆண்டும் ஆலை ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

மறு ஆய்வுக் கூட்டத்தில் இந்த வரியைத்தான் நிர்வாகி இரண்டு முறை சரிபார்க்கச் சொன்னார். எண் மாறவில்லை.

நிலைத்தன்மையும் பேசப்பட்டது. நிலக்கரி எரிந்து வெளியான வாயுவில் ஒரு பங்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வளிமண்டலத்தில் தங்கும். மரம் நிற்கும் வரைதான் அதில் கார்பன் நிற்கும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவிலும் புதுக்கோட்டையிலும் ஒரே இரவில் சாய்த்த தென்னைகளையும் பலாக்களையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு அகழிக் கரையை வெட்டிவிடுவது. இதற்கு ஆய்வு முடியக் காத்திருக்கவில்லை. ஆவணியிலேயே இரண்டு ஓடை வாயிலும் 4 மீட்டர் அகலத்துக்குக் கரையை எடுத்து, அகழியை அந்த இடத்தில் கல் போட்டு நிரப்பி, ஓடை மட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு கண்மாயின் வரத்தை அடைத்துக்கொண்டு எந்த நடவையும் நியாயப்படுத்த முடியாது.

இரண்டாவது, மேட்டுக்காட்டில் செத்த கன்றுக்கு மாற்று வைப்பதில்லை. செத்த 5,300 குழியில் மறுபடி கன்று வைக்கத் தொண்டு அமைப்பு மதிப்பீடு தந்திருந்தது. அதே சுக்கான், அதே ஆழம், அதே வெயில். மறுபடி வைத்தால் மறுபடி சாகும். மாறாக, பட்டைகளில் மிஞ்சிய உசிலை, வெள்வேல் தூர்களைத் துளிர்க்க விடுவது என்று தீர்மானித்தார்கள். ஏற்கெனவே ஆழ வேர் பிடித்த தூருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. வேண்டியது ஆடு எட்டாத உயரம் வரும்வரை காவல் மட்டுமே.

அந்தக் காவலை வேலியால் செய்ய முடியாது என்பது கூட்டத்தில் தெளிவானது. ஆட்டுக்காரர்களை முதல் முறையாக அழைத்து உட்கார வைத்தது அன்றுதான். மந்தைகளை நடத்தும் மூத்த கீதாரி ஒருவர் தொண்டு அமைப்பு இளைஞரிடம் கேட்டார்: "ஏன் தம்பி, உசிலையத் தூரோட பறிச்சுப்புட்டு புங்கன வச்சீக. புங்கந்தழைய ஆடு மோந்து பாத்துட்டுப் போயிரும். தை வரைக்கும் ஆட்ட எங்க கொண்டுபோய் மேய்க்கச் சொல்றீக?" இளைஞர், "உங்ககிட்ட முன்னாடியே கேட்டிருக்கணும் அய்யா" என்றார். பேச்சு அதன்பின் வேகமாக முடிந்தது. 10 ஹெக்டேரை மூன்று கூறாக்கி, ஒரு கூறை 18 மாதம் மூடி, மற்ற இரண்டில் மேய்ப்பது. துளிர் ஆறடி தாண்டியதும் அடுத்த கூறு. எல்லைக் கல் நடுவதும், மீறினால் தண்டம் போடுவதும் ஆட்டுக்காரர்களின் பொறுப்பு. மாட்டுக்கிடை கடக்கும் பாதை 12 மீட்டர் அகலத்துக்கு விடப்பட்டது.

மூன்றாவது, சீமைக்கருவேல நாற்றை முதல் மழை ஈரத்திலேயே கையால் பிடுங்குவது. வளர்ந்ததை வெட்டினால் நாலு கிளையாகத் துளிர்க்கும். கழுத்து வேருக்குக் கீழே ஒரு முழம் தோண்டி எடுத்தால்தான் நிற்கும். இந்த வேலைக்கு இயந்திரம் வேண்டாம் என்று எழுதியே வைத்தார்கள்.

நான்காவது, கண்மாய்க் கரையில் உள்ள 950 கன்றைக் காப்பது, கரையின் வெளிச்சரிவில் பனங்கொட்டை ஊன்றுவது. பனையைக் கார்பன் கணக்கில் சேர்க்கவில்லை. கரை அரிக்காமல் இருக்க அது போதும்.

ஐந்தாவதுதான் ஆலைக்குக் கடினமாக இருந்தது: பலகையை எடுப்பது, ஆடை நிறுவனத்துக்குத் திருத்திய கணக்கு அனுப்புவது, மிச்ச நிதியை ஆலைக்குள்ளே திருப்புவது. சமூகப் பொறுப்பு நிதியை ஆலையின் சொந்த இயந்திரத்துக்குச் செலவழிக்க முடியாது என்பதால் தனிக் கடன் வாங்க வேண்டியிருந்தது. மரம் நட நிதி எளிதில் கிடைக்கிறது. மின்சாரத்தைக் குறைக்கக் கிடைப்பதில்லை. இந்த ஏற்பாடே பலரை நடவின் பக்கம் தள்ளுகிறது என்பது எங்கள் மதிப்பீடு.

தொடர்ந்து நடந்தவை

ஆலையில் முதலில் செய்தது அழுத்தக் காற்றுக் கசிவு தேடல். ஞாயிற்றுக்கிழமை எல்லா இயந்திரமும் நின்றபின் கம்பிரசரை மட்டும் ஓட்டி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தார்கள். 40 இடங்களுக்கு மேல் கசிவு. ஏழு பார் அழுத்தத்தில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று 3 கிலோவாட்டுக்கு மேல் தின்னும். ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓடும் ஆலையில் அது 24,000 யூனிட், சுமார் 17 டன் வாயு. தேய்ந்த குழாயை மாற்றி, கவ்வியை இறுக்கியதில் ஆண்டுக்கு 90,000 யூனிட் குறைந்தது.

அடுத்து கூரையில் 400 கிலோவாட் சூரிய மின் தகடு. பழைய நூற்பாலைகளின் கூரை ரம்பப் பல் வடிவில், கண்ணாடி வடக்கேயும் ஓடு தெற்கேயும் பார்த்தபடி இருக்கும். தெற்குச் சரிவு தகட்டுக்கென்றே கட்டியது போன்றது. பழைய கல்நார் ஓடு எடை தாங்காது என்பதால் அதை மாற்றியதில் ஐந்து மாதம் தாமதம். பஞ்சுத் தூசி படிவதால் பத்து நாளைக்கு ஒருமுறை கழுவ வேண்டியிருக்கிறது. ஆண்டுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 6 லட்சம் யூனிட், 420 டன். ஓர் ஏக்கர் அளவு கூரை அது. முப்பது ஏக்கர் தோப்பு, ஒன்றுகூடச் சாகாமல் இருந்தால், ஆண்டுச் சராசரி 83 டன்.

இரண்டும் சேர்ந்து 480 டன் குறைந்தது. இன்னும் 1,600 டன் மிச்சம் இருக்கிறது என்று ஆலை தன் அறிக்கையில் எழுதுகிறது.

நிலத்தில், மூன்றாவது கோடை முடிந்தபோது நட்ட கன்றுகளில் 1,260 உயிரோடு இருந்தன. கரைப் பகுதியில் 760, மேட்டில் 500. தூர்ச் சுற்றளவும் உயரமும் அளந்து மதிப்பிட்டதில் வேரும் சேர்த்துச் சராசரி உலர் எடை 6 கிலோ. மொத்தம் 13 டன் வாயு. கடன் 44 டன்னில் இன்னும் 31 டன் பாக்கி. செலவு கன்றுக்கு 240 ரூபாய் வீதம் 19.2 லட்சம். உயிரோடு இருக்கும் ஒவ்வொன்றுக்கும் 1,500 ரூபாய்க்கு மேல்.

மேட்டில் பத்து மீட்டர் சதுரக் கட்டங்கள் பத்து போட்டு எண்ணியதில், கட்டத்துக்குச் சராசரி நான்கு பழைய தூர் துளிர்த்திருந்தன. 10 ஹெக்டேருக்குச் சுமார் 4,000. தண்ணீர், குழி, லாரி எதுவும் இல்லை. முதலில் மூடிய கூறில் உசிலை ஏழடி தாண்டிவிட்டது. இரண்டாவது கூறில் ஒரு முறை வெளியூர் மந்தை புகுந்து ஒரு மூலையை மொட்டையாக்கியது. தண்டம் வசூலானது, துளிரும் மறுபடி வந்தது. ஓடை திறந்த பின் வந்த இரண்டு மழைக்காலத்தில் ஒன்றில் கண்மாய் மறுகால் போனது.

மாற வேண்டியவை

நடவு நிதி தருபவர்கள் நட்ட எண்ணுக்குப் பணம் தருவதை நிறுத்த வேண்டும். மூன்றாம் கோடைக்குப் பின் உயிரோடுள்ள எண்ணுக்குப் பாதித் தொகையையாவது நிறுத்தி வைத்தால், கன்றின் உயரம், குழியின் ஆழம், நடும் மாதம் எல்லாம் தானே திருந்தும். மதுரை வட்டாரத்தில் நடவு புரட்டாசிக் கடைசி முதல் ஐப்பசி முடிய. கன்று இரண்டடிக்கு மேல் வேண்டாம். பை முழுவதையும் கழற்றி, சுருண்ட வேரை வெட்டிவிட்டு நட வேண்டும். சுக்கான் தட்டுப்பட்டால் கடப்பாரையால் உடைக்க வேண்டும், முடியாவிட்டால் அந்த இடத்தில் நடக் கூடாது.

நிலத்தைத் தேர்ந்தெடுக்குமுன் வருவாய்ப் பதிவேட்டையும், அங்கே மேய்ப்பவர்களையும், ஓடைப் போக்கையும் பார்த்தாக வேண்டும். "தரிசு" என்ற சொல்லைத் திட்ட அறிக்கையில் அனுமதிக்காமல், அங்கே நிற்கும் செடிகொடிகளைப் பெயரோடு எழுதச் சொன்னாலே பாதிப் பிழை குறையும். இமாச்சலப் பிரதேசத்தின் காங்க்ரா மாவட்டத்தில் பல பத்தாண்டு அரசு நடவுகளை ஆராய்ந்து 2021-ல் வெளியான ஆய்வும், அத்தனை நடவும் மரக்கவிப்பையோ (இலைத்தழை மேலே மூடும் பரப்பு) மக்கள் வாழ்வாதாரத்தையோ சொல்லும்படி உயர்த்தவில்லை என்றே கண்டது. மலைக்கும் செவலுக்கும் தூரம் அதிகம் என்றாலும் கோளாறு ஒன்றே.

விழுக்காட்டு இலக்குகளைப் படிக்கும்போதும் கவனம் தேவை. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் வரையறையில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 விழுக்காடு மரக்கவிப்பு இருந்தால் அது வனப்பரப்பு. என்ன மரம், யாருடைய நிலம் என்று கேள்வி இல்லை. சீமைக்கருவேலக் காடு மண்டினாலும் அந்த எண் ஏறும்.

மரம் நட வேண்டாம் என்று இந்த ஆய்விலிருந்து யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கண்மாய்க் கரையில் பிழைத்த 760 கன்று ஊருக்கு வேண்டும். பங்குனி வெயிலில் பேருந்துக்கு நிற்பவர்களுக்கு நிழல் வேண்டும். அவற்றை அந்தக் காரணத்துக்காகவே நட வேண்டும். ஆலையின் மின்சாரத்துக்கு ஈடாக எழுதத்தான் கூடாது.

வெட்டுவதற்கான ஈட்டுக் கணக்கும் மாற வேண்டும். சாலைக்காக விழுந்த 11 புளியும் இரண்டு மீட்டருக்கு மேல் சுற்றளவு உள்ளவை. மரத்துக்கு இரண்டரை டன் உலர் எடை என்று குறைத்து வைத்தாலும் மொத்தம் 47 டன் வாயு அவற்றில் இருந்தது. மூன்றாண்டு கழித்து 1,260 கன்றில் இருப்பது 13 டன். அதே சாலையின் அடுத்த பகுதியில் இன்னும் 9 புளி நிற்கிறது. அளவுக் குறி போட்டாகிவிட்டது. சாலையை ஒரு பக்கமாக மட்டும் அகலப்படுத்தி அவற்றை விட்டுவிடக் கோரி, ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் எழுதி, ஊராட்சியும் ஆலையும் சேர்ந்து மனு கொடுத்திருக்கின்றன. ஆலை இந்த ஐப்பசியில் நடப்போவது தொழிலாளர் குடியிருப்புத் தெருக்களில் 150 வேம்பும் பூவரசும். கன்று உயரம் இரண்டடி. தண்ணீர் ஊற்றும் பொறுப்பு எந்த வீட்டுக்கு எந்தக் கன்று என்று பெயர் எழுதியாயிற்று.